ஊற்றடிக்கு ஒரு படம்

மெக்சிகோவின் தெற்கே, மலையடி நகரம் ஒன்றில், படம் அச்சடிக்கும் பட்டறையில் ஒரு மரப்பலகை இருந்தது. ஓவியர் ரமீரோ அதில் ஒரு பெண்ணைச் செதுக்கியிருந்தார். நெற்றியில் சுமைப்பட்டை மாட்டி, அதில் தொங்கும் மக்காச்சோள மூட்டையை முதுகில் சுமக்கும் பெண். பெயர் தோமாசா. மலைமேல் உள்ள பழங்குடிக் கிராமத்துக்காரி.

பாவம், அவர் வரைந்து முடிக்கும்வரை அந்தச் சுமையோடுதான் நின்றாள். கூலி வேண்டாம் என்றாள்.

“ஒரு படம் மட்டும் எங்க ஊருக்குக் குடுங்க ஐயா. எங்க குடிதண்ணி ஊத்தை ஒரு தண்ணிக் கம்பெனிக்காரன் பிடிச்சுக்கிட்டான். அங்க மனுசங்களே இல்லைன்னு அதிகாரிங்ககிட்ட சாதிக்கிறான். ஊத்துக்கு எதிர்ச் சுவர்ல ஒட்டி வைக்கிறோம். விசாரிக்க வர்றவங்க கண்ணுல நாங்க படட்டும்.”

“முதல் தாளே உனக்குத்தாம்மா,” என்றார் ரமீரோ.

பலகை அதை அப்படியே நம்பியது. அதற்குச் சூதுவாது தெரியாது.

மை தடவி, முதல் தாளை அழுத்தி உரித்தார்கள். “நீ ஊற்றடிக்குத்தானே போகிறாய்?” என்று ஆசையாகக் கேட்டது பலகை.

“நானா? என்மேல் வெயில் படக்கூடாது, புகை படக்கூடாது. எனக்குக் கண்ணாடிச் சட்டம் காத்திருக்கிறது,” என்றது தாள்.

அடுத்தடுத்த தாள்களும் அதே பாட்டைத்தான் பாடின. எல்லாம் தலைநகரத்துக்குப் போயின. மலைக்காரியைக் கூடத்தில் மாட்டிவைக்கப் பணக்காரர்களுக்கு அப்படி ஓர் ஆசை. அவளே வந்து கதவைத் தட்டினால் மட்டும் திறக்கமாட்டார்கள்.

பலகை மையிடம் முறையிட்டது. “நான் எவர் முகத்திலும் ஒட்டுவேன், எவரோடும் போவேன். என்னை எதற்கு இழுக்கிறாய்?” என்று மை நழுவிக்கொண்டது.

கடைசித் தாளும் போனபின் உளி வந்தது. தன்னைச் செதுக்கிய உளியாயிற்றே என்று பலகை மகிழ்ந்தது. “ஏதாவது திருத்தம் பாக்கியா?”

“திருத்த வரவில்லை, கீற வந்தேன். படம் குறைவாக இருந்தால்தான் விலை. அடித்தவரை போதும், இனி ஒரு தாள்கூட வராது என்று வாங்கியவர்களுக்கு ரமீரோ வாக்குக் கொடுத்திருக்கிறார். பலகையைக் கீறினால்தான் அவர்கள் நம்புவார்கள்.”

“தோமாசாவுக்கும் வாக்குக் கொடுத்தாரே!”

“அவள் விலை கொடுத்து வாங்கவில்லையே,” என்றது உளி. தோமாசாவின் முகத்திலிருந்து இடுப்புவரை குறுக்கும் நெடுக்குமாகக் கீறியது. பலகைக்கு வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

கீறியதற்குச் சாட்சியாக அதிலேயே ஒரு தாள் அடிப்பது பட்டறை வழக்கம். வெட்டிய இடத்தில் மை ஒட்டாது. கீறலெல்லாம் அவள்மேல் வெள்ளைக் கோடுகளாக விழுந்தன. அந்தத் தாள் காயும்போது தோமாசா வந்து நின்றாள்.

கொடுக்க வேறு படம் இல்லை. ரமீரோ அதையே எடுத்து நீட்டினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“இந்தக் கோடெல்லாம் ஊத்தைச் சுத்திக் கம்பெனிக்காரன் போட்ட கம்பிவேலி, அதுக்குப் பின்னாடி நாங்க. அதைக்கூட மறக்காம போட்டுட்டீங்களே, ஐயா. நீங்க நல்லா இருக்கணும்.”

பலகை ரமீரோவைப் பார்த்தது.

“பின்னே, அதை விடுவேனா?” என்றார்.