பஞ்சுவின் முகத்தில் இரண்டு கோடுகள்

மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடர் ராக்கியப்பனுக்கு அறுபத்தேழு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மனைவி பாவாயி இறந்த பிறகு, அவள் வளர்த்த வெள்ளை நாயைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். நாயின் பெயர் பஞ்சு.

பஞ்சுவின் கண்களுக்குக் கீழே இரண்டு பழுப்புக் கோடுகள். பாவாயி போன பிறகு வந்தவை. ராக்கியப்பன் தினமும் மூன்று வேளை ஈரத்துணியால் துடைப்பார். துடைக்கத் துடைக்கக் கோடு அழுத்தமாகத்தான் ஆனது.

மடத்துக்கு வருகிறவர்கள் நாயைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அந்த மனுஷனைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டியதில்லை.

ஒரு நாள் காலை அவர் குருவிடம் கேட்டே விட்டார்.

“சாமி, பாவாயி செத்து எட்டு மாசமாச்சுங்க. இது இன்னும் அழுதுட்டே இருக்குது. எனக்கு அன்னிக்கும் கண்ணீர் வரல, இன்னிக்கும் வரல. எழவு வீட்டுல என் தங்கச்சியே கேட்டா, ‘உனக்கென்ன கல்லு மனசாண்ணா’ன்னு. இந்த நாய்க்கு இருக்கற பாசங்கூட எனக்கு இல்லீங்களா?”

குரு பஞ்சுவைத் தூக்கி மடியில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். இமையை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

“முன்னாடி இதுக்கு யார் முடி வெட்டுவாங்க?”

“அவதானுங்க வெட்டியிருப்பா. நான் எங்கீங்க வீட்டுல இருந்தேன்?”

“முனை மழுங்கின கத்தரி ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

கண்ணுக்குள் வளைந்து கிடந்த முடிகளைக் குரு ஒவ்வொன்றாக நறுக்கினார். பஞ்சு முனகியது, பிறகு அடங்கிவிட்டது. வெதுவெதுப்பான நீரில் அதன் முகத்தைக் கழுவினார்.

“இது அழல, ஐயா. முடி குத்திக் கண்ணு கலங்கியிருக்கு. நீங்க ஈரத்துணியால துடைச்சு, காயவே விடல. அதான் கறை ஏறிடுச்சு.”

“இந்தக் கறை போயிருங்களா?”

“இருக்கிற முடி வெளுக்காது. புதுசா முளைக்கிறது வெள்ளையா வரும். நாளாகும்.”

ராக்கியப்பன் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமாக அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், நாயிடம் தோற்கவில்லையே. ஆனால் வரவில்லை. பாவாயியை நினைத்து அழ ஒரு ஜீவனாவது இருக்கிறது என்ற ஆறுதலில்தான் எட்டு மாதத்தை ஓட்டியிருந்தார். இப்போது அதுவும் இல்லை.

“அப்ப அவளுக்காக யாருமே அழலீங்களா, சாமி?”

கேட்டு முடிப்பதற்குள் குரல் உடைந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தோடு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடப் போனார்.

குரு கையை நீட்டினார்.

“அந்தத் துண்டை இங்க குடுங்க, ஐயா. பஞ்சு முகம் ஈரமா இருக்கு.”