எவருக்கும் தோன்றக்கூடியது

மகுடபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு ஃபோம் கம்பெனியில் கெமிஸ்ட். பஸ் சீட் ஒன்று கண்ணெதிரே நாலே நிமிடத்தில் கரியானதைப் பார்த்தவர். அன்றிலிருந்து, லேசில் தீப்பிடிக்காத ஃபோம் செய்தே தீருவேன் என்று நின்றார். ஏழு வருடத்தில் செய்தும் விட்டார்.

காப்புரிமை கிடைத்தால்தான் அதைத் தயாரிப்பேன் என்றார் முதலாளி. அதனால் விண்ணப்பம் எழுதும் வித்தையைத் தன்னைவிடப் பத்து வயது இளைய வக்கீல் ஜெபசெல்வியிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் மனுஷன் பிடிவாதக்காரர். எழுதியதை அவரிடம் காட்டாமலேயே அனுப்பிவிட்டார்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து மறுப்பு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஜெபசெல்வியிடம் ஓடிவந்தார்.

"ஃபோம் பழசாம். தீயை அடக்குற பொடியும் பழசாம். அதுல இதைப் போடுறது எவருக்கும் தோணுமாம். அப்படின்னா இத்தனை வருஷமா ஏன் மேடம் ஒருத்தரும் செய்யலை?"

ஜெபசெல்வி விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"உங்க ஃபேக்டரியில நல்லா ஃபோம் ஊத்துறவங்க யாரு?"

"சர்புதீன் பாய். இருபது வருஷ சர்வீஸ்."

"வாங்க, போவோம்."

பாய் கையுறை மாட்டிக்கொண்டார். ஜெபசெல்வி விண்ணப்பத்தை நீட்டினார்.

"இதுல இருக்கிறபடி செய்யுங்க பாய். மகுடபதி சார், நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

பாய் ஃபோமுக்கான இரண்டு திரவங்களையும் வாளியில் ஊற்றிக் கலக்கினார். பொடி டப்பாவை எடுத்தார்.

"இப்பப் போடாதீங்க பாய்," என்றார் மகுடபதி.

அதற்குள் போட்டாயிற்று. நுரை பாதி வாளிக்கு எழும்பி, பொசுக்கென்று உட்கார்ந்தது. பாய்க்கு முகம் சுருங்கிப்போனது.

"பேப்பர்ல இருக்கிறபடிதான் சார் போட்டேன்."

"ஏன் போடக் கூடாது?" என்று கேட்டார் ஜெபசெல்வி.

"கலவை பால் மாதிரி வெளுக்கணும் மேடம். வெளுத்து எழும்பப் பார்க்கும். அந்த நேரத்துல போட்டாத்தான் நுரை நிக்கும். அதைக் கண்டுபிடிக்கவே ஆறு வருஷம் போச்சு."

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

மகுடபதி புரட்டினார். இருபத்தாறு பக்கம். முழுக்கப் பொடியின் பெருமை.

"அதைப் போய் எழுதணுமா? தொழில் தெரிஞ்சவனுக்குத் தானா தெரியாதா?"

ஜெபசெல்வி பாயைப் பார்த்தார். பாய் வாளியைப் பார்த்தார்.

மகுடபதிக்கு வெட்கமாக இருந்தது. பிறகு விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"இது போகட்டும் மேடம். புதுசா எழுதுறேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

"என் பேச்சை மீறி வாயைத் திறந்தீங்களே சார், அங்கிருந்து."