பிறகு என்ற பொத்தான்

கடனாநதிக் கரையில் உள்ள அந்தச் சிறிய மடத்தில் பௌர்ணமிதோறும் மௌனம். பேசாமல் இருந்தால் மட்டும் போதாது. அன்று ஒவ்வொருவரும் அடுத்தவர் பாதியில் விட்ட ஒரு வேலையை, அவரிடம் கேட்காமலே, செய்து முடிக்க வேண்டும். பிரிந்து கிடக்கும் தலையணையைத் தைக்கலாம். பாதி கொத்திய பாத்தியைக் கொத்தி முடிக்கலாம். யார் செய்தது என்று மறுநாள் யாரும் விசாரிப்பதில்லை.

அப்படியொரு பௌர்ணமிக் காலையில்தான் ஆறுமுகநயினார் அலறினார்.

அறுபதைத் தொடும் வயது அவருக்கு. குரு கோமதியம்மாள் அவரைவிட வெகுவாக இளையவர். ஆனாலும் குரு உட்பட மடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

சத்தம் கேட்டுக் கோமதியம்மாள் வந்தபோது, அண்ணாச்சி தன் மகனுடைய மடிக்கணினிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். திரை வெறுமையாக இருந்தது. செண்பகவல்லி சுவரோடு ஒட்டி நின்றாள். வங்கி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மடத்துக்கு வந்து தங்கியிருப்பவள். கண்ணில் நீர் நிரம்பியிருந்தது. வாய் மட்டும் இன்னும் மௌனத்தைக் காத்தது.

கோமதியம்மாள் அவர்கள் அருகில் உட்கார்ந்தார்.

"மௌனம் உடைஞ்சாச்சு. பேசிருங்க."

"போச்சு அம்மா" என்றார் அண்ணாச்சி. "எம் பையன் வச்சிட்டுப் போன பக்கம் எல்லாம் போச்சு."

அந்தக் கணினியை மடத்தில் அறியாதவர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், மழையில் பைக் சறுக்கி இசக்கிராஜா இறந்தான். அன்று அவன் எப்படித் திறந்து வைத்துவிட்டுப் போனானோ அப்படியே அதை அண்ணாச்சி வைத்திருந்தார். அணைத்ததில்லை. இணையத்தோடு இணைத்ததுமில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் மேலே வரிசையாக, நறுக்கிய தலைப்புகளாக நின்றன. முன்னால் தெரிந்தது வானிலைப் பக்கம். கடையம், மாலையில் கனமழை. அந்த மழை இரண்டு வருஷமாக அங்கே பெய்துகொண்டிருந்தது.

தினமும் காலையில் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும். பிரவுசரின் புதிய பதிப்பு தயார், இப்போது மாற்றவா என்று கேட்கும். அண்ணாச்சி 'பிறகு' என்ற பொத்தானை அழுத்துவார். சாமி கும்பிட்டு முடித்தவுடன் அவர் செய்யும் முதல் காரியம் அதுதான்.

"நீங்க நேரம் இல்லாம தள்ளிப் போடுறீங்கன்னு நினைச்சேன் அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி. "பாதியில நிக்கிற வேலைதானே, நெட்டை மாட்டிப் புதுசா மாத்தி முடிச்சுக் கொடுத்திருவோம்னு..."

"வாயைக் கட்டச் சொன்ன நாள்ல கையையும் கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். சொன்ன பிறகு அண்ணாச்சியும்.

மடத்துக்கு வந்த நாள் முதல் அவர் குருவிடம் கேட்டது ஒரே கேள்விதான். கோமதியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறார். ஆற்றுக்குப் போகும் வழியில் கேட்டிருக்கிறார். "கனமழைன்னு கண்ணால பார்த்தவன் ஏன் அம்மா வண்டியை எடுத்தான்?" ஒவ்வொரு முறையும் கோமதியம்மாள் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியலை அண்ணாச்சி" என்பார். பிறகு வேலையைத் தொடர்வார்.

இப்போது கோமதியம்மாள் செண்பகவல்லியைப் பார்த்தார்.

"திரும்ப எடுக்க வழி இருக்கா?"

"இருக்கும்மா. மூடின பக்கம் எல்லாம் உள்ள ஒரு இடத்துல பதிஞ்சிருக்கும். அங்க போய்த் திறந்தா வந்திரும்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "வந்திருமா? நிஜமாவா?" வேட்டி நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "எடு தாயி. நான் பேசுனதை மனசுல வச்சுக்காத."

அவள் உட்கார்ந்து தட்டினாள். பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து மேலே பழைய வரிசையில் நின்றன. அண்ணாச்சி விரலால் எண்ணி, சரி, சரி என்று தலையசைத்தார்.

முதல் பக்கம் கிரிக்கெட். இசக்கிராஜா பார்த்த ஆட்டம் அதில் இல்லை. வேறு யாரோ வேறெங்கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது ஒரு செருப்புக் கடை. இந்தப் பொருள் தற்போது கைவசம் இல்லை என்றது. கல்லூரிப் பக்கம் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி கேட்டது.

வானிலைப் பக்கம் வந்தது. கடையம், தெளிந்த வானம். மாலை நாலு மணி வரை நல்ல வெயில்.

"இது இல்லை" என்றார் அண்ணாச்சி.

"இதேதான் அண்ணாச்சி. அதே பக்கம்."

"மழைன்னு இருந்துச்சு தாயி. கறுப்பு மேகம் ஒண்ணு போட்டு, கீழ மூணு கோடு இருக்கும்."

"அது இன்னைக்கு உள்ளதைத்தான் காட்டும்."

"அன்னைக்கு உள்ளதை எடேன்."

அவள் குருவைப் பார்த்தாள். பிறகு மெல்ல, "அது வராது அண்ணாச்சி" என்றாள்.

அண்ணாச்சி உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

கோமதியம்மாள் வரிசையின் கடைசியைச் சுட்டினார். "இது என்ன? 'வெள்ளை வே'ன்னு நிக்குது."

"அது எப்பவும் பாதிதான் தெரியும் அம்மா. வெள்ளை வேன் ஒண்ணு வாங்கி ஓட்டணும்னு ஆசை பயலுக்கு. அதா இருக்கும்."

"திறந்து பார்த்ததே இல்லையா?"

"தொட்டா போயிருமோன்னு ஒண்ணையும் தொடலை."

கோமதியம்மாள் தலையசைத்தார். செண்பகவல்லி திறந்தாள்.

அந்தப் பக்கம் மட்டும் மாறியிருக்கவில்லை. யாரோ வீட்டுக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார்கள். அவள் வாய்விட்டுப் படித்தாள். "வெள்ளை வேட்டியில் பட்ட கிரீஸ் கறை போக. பெயின்ட் கடையில் டர்பன்டைன் வாங்கிக் கறையில் தடவி, சற்று ஊறவிட்டு, சோப்புப் போட்டு வெந்நீரில் அலசவும். அன்றே வெயிலில் உலர்த்தவும். மழை நாளில் வேண்டாம்."

படித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அண்ணாச்சி எழுந்து போயிருந்தார்.

மூலையில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்து வந்து விரித்தார். ஜரிகைக் கரைக்குச் சற்று மேலே கருப்பாக ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

"அவன் போன மறுநாள் என் தங்கச்சி மக கல்யாணம். அதுக்கு நான் எடுத்து வச்ச வேட்டி. பைக் சங்கிலியைத் தொட்ட கையோட எடுத்திருக்கான். அவன் போன பிறகு அவன் துணிக்கு அடியில கிடைச்சுது. அவன் கையாச்சேன்னு அப்படியே வச்சிருக்கேன்."

பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்து வைத்தார். மூடி திறக்கப்படாதது.

"போலீஸ்காரங்க தந்த பையில இது இருந்துச்சு. பெயின்ட் கடைப் பாட்டில். எதுக்கு வாங்கினான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை."

செண்பகவல்லி பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மழைக்கு முந்தி வாங்கிட்டு வந்து, துவைச்சுக் காயப் போட்டிரலாம்னு போயிருக்கான்" என்றார் அண்ணாச்சி. குரல் யாருடையதோ போல இருந்தது. "ஒரு வேட்டிக்கா அம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பழசை உடுத்திக்கிட்டுப் போயிருப்பேனே."

கோமதியம்மாள் இந்த முறை தெரியலை என்று சொல்லவில்லை.

வெளியே யாரோ, இன்னொருவர் பாதியில் விட்ட விறகைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

அண்ணாச்சி வேட்டியை மடித்தார். பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"செண்பகம், அந்தக் கடைசிப் பக்கத்தை முன்னால வச்சிரு. அது நிக்கட்டும். வச்சிட்டு நெட்டைப் பிடுங்கிரு."

அவள் கை நீண்டது.

"அண்ணாச்சி" என்றார் கோமதியம்மாள். "இன்னைக்கு நீங்க யார் வேலையை எடுத்தீங்க?"

"நான் இன்னும் ஒண்ணும் எடுக்கலை அம்மா."

கோமதியம்மாள் பாட்டிலைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார்.

அண்ணாச்சிக்குப் புரிந்தது. வேட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"கழுவினா அவன் கை போயிரும் அம்மா."

"போயிரும்."

"வேற என்ன இருக்கு எனக்கு?"

கோமதியம்மாளின் கண்களும் கலங்கியிருந்தன.

"இப்ப வேண்டாம் அம்மா" என்றார் அண்ணாச்சி. "பிறகு."

கோமதியம்மாள் வானிலைப் பக்கத்தைத் திறந்து, கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலு மணி வரைக்கும்தான் வெயில்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."