சேவ் ஆகாத வரி

சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே குருவுக்கு வயது முப்பது, சீடருக்கு அறுபத்தெட்டு. காலம் அப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய?

குரு பர்வீன். சீடர் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி கோமதிக்கு மறதி நோய் வந்ததும், அடுத்தது நாம்தானோ என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புதிதாக எதையாவது படித்தால் மூளைக்கு நல்லது என்றார் டாக்டர். மறுநாளே வந்து சேர்ந்துவிட்டார்.

அன்றைய பாடம் நினைவகம். மூலையில் கிடந்த பழைய சிபியூவின் மூடியைக் கழற்றிக் காட்டினாள் பர்வீன்.

"இந்தப் பச்சைப் பட்டைதான் ரேம். இப்போ செய்யுற வேலை எல்லாம் இதுலதான் நிக்கும். கரண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு."

"இந்தப் பெட்டி?"

"ஹார்ட் டிஸ்க். சேவ் பண்ணுனா இங்க வந்து உக்காந்துக்கிடும். வேண்டாம்னா அழிச்சுக்கலாம்."

"அந்தக் குட்டிச் சில்லு?"

"ரோம். முதல்லயே எழுதிவச்சது. கரண்ட் போனாலும் போகாது. நீங்களும் நானும் அழிக்க முடியாது."

ஆவுடையப்பன் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல அவளுக்கும் இப்படித்தான் இருக்கு, டீச்சர். காலையில சாப்பிட்டது ஞாபகம் இல்ல. நான் யாருங்கதும் இல்ல. கல்யாணமான வருஷம் நடந்தது மட்டும் அப்படியே இருக்கு."

நடந்தது இதுதான். தலைப்பொங்கல் சீர் கொண்டு மாமனார் வந்தார். சீரில் வெண்கலப் பானை இல்லை, எவர்சில்வர் பானைதான் இருந்தது. மாப்பிள்ளை முறுக்கு ஆவுடையப்பன் தலைக்கு ஏறியது. சீரோடு அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வெயிலில் வந்த மனுஷனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க விடவில்லை. அடுத்த பொங்கலுக்கு மாமனார் உயிரோடு இல்லை. செய்தது தப்பு என்று ஆவுடையப்பனுக்கு அன்றே தெரியும். கோமதியிடம் சொல்லலாம், சொல்லலாம் என்றே காலம் ஓடிவிட்டது.

"என்னை யாரோ வந்தவுகன்னு நெனச்சு எங்கிட்டயே சொல்லுதா. 'எங்கப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க விடலைய்யா அந்த மனுஷன்'னு. தெனமும் சொல்லுதா, டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீக?"

"நேத்து கையைப் பிடிச்சு, அந்தப் பாவி நான்தான், மன்னிச்சிரு கோமதின்னேன். நல்லாக் கேட்டா. 'சரி, விடுங்க'ன்னா. முகமே தெளிஞ்சுபோச்சு. உள்ள போயி காப்பி போட்டுக் கொண்டாரேன், மறுபடியும் முதல்லயிருந்து சொல்லுதா."

கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னதை அவளுக்குள்ள சேவ் பண்ண வழி இருக்கா?"

அவர் முன்னாலிருந்த திரையில், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவர் அடித்த ஒரே வரி நின்றது: கோமதி ஆவுடையப்பன். பர்வீன் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். அந்த வரி போயிருந்தது. வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்தாள்.

"அடிங்கய்யா."

"சேவ் ஆகுமா?"

"ஆகாது."

"பெறகு எதுக்கு அடிக்க?"

"கரண்ட் போற வரைக்கும் திரையில இருக்கும்லய்யா."