ஓர் அரிசி அகலம்

தாராபுரம் போகிற வழியில் ஒரு கார் பட்டறை இருந்தது. அதற்கு மேஸ்திரி செவ்வந்தி. முப்பதைத் தாண்டாத வயது, கைக்குழந்தைக்காரி.

ஒரு நாள் நாச்சிமுத்து என்ற பெரியவர் அங்கே வந்தார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.

"வீட்டுக் கொட்டாயில ஒரு காரு கெடக்குது, அம்மிணி. அதை ஓட வைக்கோணும்."

"எத்தனை வருசமாக் கெடக்குதுங்கண்ணா?"

"எம் மக வடிவு வீட்டை விட்டுப் போனதுல இருந்து."

"அது எத்தனை வருசம்?"

"அவ மகளுக்கு இந்த வைகாசில கல்யாணம்."

செவ்வந்தி மேற்கொண்டு வருசத்தைக் கேட்கவில்லை.

"வர்றேனுங்கண்ணா. ஆனா நான் சொல்லித்தான் தருவேன். கை வைக்கிறது நீங்கதான்."

"இந்த வயசுல நான் உனக்குச் சிஷ்யனா?"

"புடிக்கலைன்னா பழைய இரும்புக்காரர் வண்டி சாயங்காலம் இந்தப் பக்கம்தான் வரும்."

நாச்சிமுத்து சீடரானார்.

வடிவு கல்யாணத்தன்று ஊர்வலம் போக அவர் வாங்கி வைத்த கார் அது. அவள் தனக்குப் பிடித்தவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் காரைக் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டினார். அடுத்த வருசம் அவள் பச்சைக் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். வெயில் ஏறும்வரை நின்றாள். அவர் கதவைத் திறக்கவில்லை.

அந்தக் குழந்தைதான் இப்போது மணப்பெண். போன வாரம் ஸ்கூட்டியில் வந்து, வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அம்மா உங்களைக் கூப்பிடச் சொல்லலைங்க தாத்தா. கூப்பிட வேண்டாம்னும் சொல்லலை."

செவ்வந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது அங்கே ஒரு டிராக்டர் நின்றது. கயிற்றின் ஒரு முனை டிராக்டரிலும் மறுமுனை காரிலும் கட்டியிருந்தது.

"கியர்ல போட்டு ஒரு இழுப்பு இழுத்தா தன்னால ஸ்டார்ட் ஆயிரும். எத்தனை பஸ்ஸை இப்படி எழுப்பியிருக்கேன், தெரியுமா?" என்றார் நாச்சிமுத்து.

"அதெல்லாம் நேத்து வரைக்கும் ஓடுன பஸ்ஸுங்கண்ணா. இது உள்ள துருப்புடிச்சு ஒட்டிக்கிட்டு நிக்குது. இழுத்தா ஸ்டார்ட் ஆகாது. ஒடையும்."

அவர் கயிற்றை அவிழ்க்க மனமில்லாமல் நின்றார்.

"கல்யாணத்துக்கு நாள் இல்லை, மேஸ்திரி. எனக்குப் பேசத் தெரியாது. இந்தக் காரைக் கொண்டு போய்ப் பந்தலுக்கு முன்னால நிறுத்திட்டா போதும். எல்லாத்தையும் அதுவே சொல்லீரும்."

செவ்வந்தி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"இது நல்ல கயிறு. அந்த விட்டத்துல கட்டுங்க. குழந்தைக்குத் தூளி போடோணும்."

டிராக்டர் போய்விட்டது. பின் சீட்டில் கோழி ஒன்று முட்டையிட்டு வைத்திருந்தது.

"காரு சும்மா கெடக்கலைங்கண்ணா. உருப்படியாத்தான் ஏதோ பண்ணியிருக்குது."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். சக்கரங்களுக்குக் காற்றடித்தார். பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்தினார். நான்கு பிளக்குகளையும் கழற்றினார். உள்ளே துரு இளக, டீசலும் ஆயிலும் கலந்து நான்கு ஓட்டைகளிலும் ஊற்றினார்.

"அடுத்து?"

"அடுத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க."

மறுநாள் பார்த்தார்கள். ஊற்றிய எண்ணெய் ஊற்றினபடியே நின்றது.

"எறங்கவே இல்லையே."

"குடிக்கிறதுக்கு அதுக்கு இன்னும் மனசு வரலை. இருக்கட்டும்."

அதற்கடுத்த நாளும் நின்றது. நாச்சிமுத்து இரும்புக் கம்பியை எடுத்து உள்ளே தட்டப் போனார். செவ்வந்தி கம்பியை வாங்கிக் கோழியை விரட்ட வைத்துக்கொண்டாள்.

பின் ஒரு காலையில் மூன்றாவது ஓட்டையில் எண்ணெய் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவர் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார்.

"குடிச்சிருக்குது, மேஸ்திரி."

"அப்ப இன்னும் ஊத்துங்க."

நான்கும் குடித்த பிறகு, காரை டாப் கியரில் போடச் சொன்னாள். முன்னால் இருந்த விசிறியின் கப்பியில் ஒரு கோடும், அதற்கு நேராக என்ஜின் மேல் ஒரு கோடும் சுண்ணக்கட்டியால் போட்டாள்.

"இப்பக் காரை முன்னால பின்னால ஆட்டுங்க. சக்கரம் உருண்டா என்ஜினையும் சேர்த்துத் திருப்பும். உள்ள அசைஞ்சா இந்தக் கோடு வெலகும்."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். கார் குலுங்கியது. தூளியில் குழந்தை விழித்து அழுதது. கோடு அப்படியே இருந்தது.

செவ்வந்தி தூளியைத் தொட்டாள். மெதுவாக அந்தப் பக்கம். மெதுவாக இந்தப் பக்கம். அழுகை அடங்கியது.

"இந்தளவுக்குத் தள்ளுனாப் போதுங்கண்ணா."

"இந்தளவுக்கா? இதுக்கு இரும்பு அசையுமா?"

"குழந்தை முழிக்காத அளவுக்குத் தள்ளுங்க. அதுதான் கணக்கு."

அவர் தள்ளினார். காரையும் தூளியையும் ஒரே ஓட்டத்தில் ஆட்டினார்கள். குழந்தை தூங்கிப்போனது. அவர் நிறுத்தவில்லை. வியர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

உள்ளே எங்கோ 'டக்' என்றது. நகத்தைச் சொடுக்கினால் கேட்கிற அளவு சத்தம்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு கோடுகளும் விலகியிருந்தன. நடுவில் ஓர் அரிசி வைக்கலாம்.

"இவ்வளவுதானா?" என்றார் நாச்சிமுத்து.

செவ்வந்தி முந்தானையால் பழைய கோட்டை அழித்தாள். சுண்ணக்கட்டியை அவரிடம் கொடுத்தாள்.

"இப்ப நிக்கிற எடத்துல புதுசாப் போடுங்க. இனி இங்கிருந்துதான்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. அதற்குள் என்ஜின் கையால் சுற்றினால் முழுச் சுற்று வந்தது. ஆனால் பெட்ரோல் டேங்குக்குள் துரு. வயர்களை எலி தின்றிருந்தது.

"நாளைக்கு ஓடுமா?"

"ஓடாதுங்கண்ணா."

நாச்சிமுத்து காரின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் போகலை. காரில்லாம வெறும் ஆளாப் போய் நின்னு என்ன சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"வடிவு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னா?"

"மூஞ்சியைப் பார்க்கிற வேலையே உங்களுக்கு இல்லை. நேராப் பந்திக்குப் போயி தண்ணி ஜக்கை எடுத்துக்குங்க. எல்லாத்துக்கும் ஆள் வச்சிருப்பாங்க. இருந்தாலும் வீட்டாளு ஒருத்தர் தண்ணி ஊத்த வந்தா யாரும் புடுங்க மாட்டாங்க."

"நான் வீட்டாளா?"

அவள் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உங்க மக கடைசிப் பந்தியிலதான் உக்காருவாங்க. பொண்ணைப் பெத்தவங்க. அதுவரைக்கும் ஊத்திக்கிட்டே இருங்க."

மறுநாள் அவர் பஸ்ஸில் போனார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனார்.

கல்யாணம் முடிந்த அடுத்த நாள் செவ்வந்தி கொட்டகைக்கு வந்தபோது, நாச்சிமுத்து முன்பே வந்து டேங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கையில் ரசக்கறை இருந்தது.

"போனீங்களா?"

"போனேன்."

"பேசினாங்களா?"

"இல்லை."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

"அப்புறம்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கடைசிப் பந்தியில வந்து உக்காந்தா. முடி நரைச்சிருக்குது, மேஸ்திரி. எம் பொண்ணுக்கு முடி நரைச்சிருக்குது. ஒவ்வொரு இலையா ஊத்திக்கிட்டு அவகிட்டப் போய் நின்னேன். தலையைத் தூக்கவே இல்லை. நானும் நகரலை."

"ம்."

"டம்ளர் இலைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அதை மட்டும் என் பக்கமா நகர்த்தினா."

"எவ்வளவு நகர்த்தினாங்க?"

நாச்சிமுத்து கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, மிகக் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினார். பிரித்த விரலை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூளிக்குக் கீழே கிடந்த சுண்ணக்கட்டியைச் செவ்வந்தி எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"கோடு போடுங்கண்ணா."