பக்கத்து இலை உப்பு

தங்கபுஷ்பம் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மடத்து அடுப்படிக்குப் பின்னால், காலை நீட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு. நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். புதுப் புளி, விரலெல்லாம் பிசுபிசுத்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பினாள்.

புளிக்கவில்லை. கிணற்று வாளியின் பிடியை நக்கினது மாதிரி இருந்தது.

மூன்று மாதமாக இப்படித்தான். நெஞ்செரிச்சலுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. எரிச்சல் அடங்கிவிட்டது. படுத்தால் தொண்டை வரைக்கும் ஏறி வந்த புளித்த தண்ணீர் இப்போது ஏறுவதில்லை. ஆனால் நாக்கு செத்துப்போனது. மத்தியானமானால் தலை கனத்தது. இரண்டு தடவை தானாகவே மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். மூன்றாம் நாளே நெஞ்சு முன்னைவிடக் கூடுதலாக எரிந்தது. பயந்துபோய் மறுபடி போட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி.

நாக்கு போனதுகூடப் பெரிதில்லை. கோமு அவள் கையைத் தள்ளுகிறாள். அதுதான்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் காத்திருந்து பிறந்தவள் கோமு. இப்போது நாலு வயசு. சோற்றைப் பிசைந்து முதல் வாயைத் தானே ருசி பார்த்துவிட்டு மறுவாய் பிள்ளைக்குக் கொடுப்பாள் தங்கபுஷ்பம். இப்போது பார்த்தால் உப்பே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை போடுவாள், இன்னொரு சிட்டிகை போடுவாள். பிள்ளை முகத்தைச் சுளித்துத் துப்பும். மறுநாள் பயந்து போடாமல் விட்டால் சப்பென்று இருக்கும். கோமு கையைத் தட்டிவிட்டு, மடத்தில் சமைக்கிற பரமேஸ்வரி அக்காவிடம் ஓடிவிடுவாள்.

"பெத்தவ நீ, ஊட்டுதவ நானா? நல்லா இருக்குட்டி உன் கூத்து" என்று பரமேஸ்வரி சிரிப்பாள்.

தங்கபுஷ்பமும் கூடச் சிரிப்பாள். பிறகு குழாயடியில் போய் ரொம்ப நேரம் கை கழுவுவாள். விரல் நுனியில் அந்தச் சின்னப் பல் படுகிற இடம் சும்மா கிடந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பந்தியில் உட்கார்ந்ததும் யாரும் உடனே சாப்பிட மாட்டார்கள். பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, "உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் முதல் வாய். மடத்தை நடத்துகிற அம்மை அப்படிச் செய்வார், எல்லோரும் செய்தார்கள். அம்மை தங்கபுஷ்பத்தைவிட இரண்டு வயசு இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மைதான்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பரமேஸ்வரி விளக்கம் சொல்வாள். "நம்ம நாக்கை அடுத்தவங்க கையில குடுத்திரணும். அப்பதான் நான்ங்கிறது கரையும்." பந்திச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியும் வைத்திருந்தார்கள்: நாவைத் துற.

புளியில் பாதி முடிந்திருக்கும்போது அம்மை வந்தார். எதிரே உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாவைத் துறன்னு எழுதியிருக்கு. எனக்கு அது தானாவே போயிட்டு. ஆனா ஆசை போகலையே, என்ன செய்ய?"

அம்மை கையை நிறுத்தினார். "எப்படிப் போச்சு?"

தங்கபுஷ்பம் குனிந்தபடியே எல்லாம் சொன்னாள். மாத்திரை, தலைக்கனம், கோமு தள்ளுகிற கை.

"டாக்டரம்மாட்ட சொன்னியா?"

"எரிச்சல் நின்னுட்டான்னு கேட்டாங்க. நின்னுட்டுன்னேன். பின்னால நிறையப் பேரு நின்னாங்க."

"நாக்கைப் பத்தி?"

"அவங்க கேக்கலை அம்மை."

அம்மை எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி. தங்கபுஷ்பத்துக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டையின் நிறமே போதும்.

"இது என் பையில இருந்ததா?"

"என்னோடது. ஆறு வருஷமா."

தங்கபுஷ்பம் அட்டையையும் அம்மையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப பந்தியில உப்பு எப்படின்னு கேக்கது?"

"எனக்குத் தெரியலை. அதான் பக்கத்துல கேட்டேன்."

"சுவத்துல எழுதியிருக்கே அம்மை!"

"நான் ஊருல இல்லாதப்ப எழுதிட்டாங்க. எழுத்து நல்லாயிருந்துது."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அவங்க கேக்கலை" என்றார் அம்மை.

தங்கபுஷ்பம் சிரிப்பை நிறுத்தினாள்.

"டாக்டர்ட்ட மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சுச் சொன்னேன். சொன்ன பிறகு அளவைக் குறைச்சுக் குடுத்தாங்க. பாதி ருசி வந்துது."

"மீதி?"

அம்மை சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் பந்தியில் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து இலையில் உட்காரச் சொன்னார் அம்மை. அடுப்படிக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அவள் கூசிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் கோமுவை உட்கார வைத்தார்கள்.

இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. அம்மை திரும்பினார்.

"உப்பு எப்படி இருக்கு?"

தங்கபுஷ்பத்துக்கு வேர்த்துவிட்டது. "எனக்கும் தெரியாதே அம்மை" என்றாள் மெதுவாக.

"உன் பக்கத்துல கேளு."

அவள் கோமுவைப் பார்த்தாள். கோமு பரமேஸ்வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் சோற்றைப் பிசைந்தாள். ருசி பார்க்கவில்லை. ஒரு சின்ன உருண்டை உருட்டிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

"உப்பு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுட்டி. அம்மைக்குத் தெரியணுமாம்."

யாரும் அதுவரை கோமுவிடம் அப்படி ஒன்று கேட்டதில்லை. அவள் பெரிய மனுஷி மாதிரி வாங்கி மென்றாள். கண்ணை மூடிக்கூட மென்றாள்.

"கொஞ்சம் போடணும்."

"கொஞ்சம் போடணுமாம் அம்மை."

அம்மை உப்பு எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, தங்கபுஷ்பத்தின் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்தார். சாப்பிடத் தொடங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கபுஷ்பம் கேட்டாள். "அந்த மீதிப் பாதி, அம்மை? வரவே இல்லையா?"

"வரலை. தினமும் பக்கத்து இலையில கேட்டு வாங்கிக்கிடுதேன்." அம்மை ஒரு வாய் சாப்பிட்டார். "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். பின்னால எத்தனை பேரு வேணாலும் நிக்கட்டும். நீ சொல்லி முடி."

தங்கபுஷ்பம் தலையாட்டினாள். புளிவாசம் இன்னும் விரலில் இருந்தது. வாசம் மட்டும்.

"இருந்தாலும் அம்மை, ஒரே ஒரு தடவையாவது அந்தப் புளிப்பு எனக்கு..."

"யம்மா" என்றாள் கோமு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.