கரையான் தின்ற அத்தியாயம்

குரு தம் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதைப் போட்ட பதிப்பகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஆசிரமத்தில் மிஞ்சிய ஒற்றைப் பிரதியிலும் கடைசி அத்தியாயத்தைக் கரையான் தின்றிருந்தது.

சீடர் பொன்னம்பலம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து சேர்ந்தவர். குருவுக்குப் பார்வை மங்கிவந்தது. அது முழுதும் போவதற்குள் புத்தகத்தை மறுபடி அச்சிட்டு அவர் கையில் கொடுத்துவிடத் தவியாய்த் தவித்தார்.

“அந்த அத்தியாயத்தை நீங்களே சொல்லக் கூடாதா, ஐயா?”

“எனக்கு மறந்துபோச்சே” என்றார் குரு, பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் மாதிரி.

பொன்னம்பலம் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. புத்தகம் செத்துவிட்டது என்றே முடிவு கட்டினார்.

ஒருநாள் காலை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு செண்பகவல்லி என்ற பெண்மணி வந்தார். கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு பை கொய்யாப்பழம் இருந்தது.

“புத்தகம் எங்கேம்மா?”

“அது கூரை ஒழுகி நனைஞ்சு போச்சுங்க. ஆனா எங்கிட்ட இருக்கு.”

எழுதப் படிக்கத் தெரியாத தாயாருக்கு அவர் சாயங்காலந்தோறும் வாசித்துக் காட்டிய புத்தகமாம். வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். அது போன பிறகும் தாயார் விடவில்லை. வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

பொன்னம்பலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின அத்தியாயத்தைச் சொல்லச் சொன்னார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. உடனே காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு கரையான் தின்ற வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பொன்னம்பலம் எழுதிக்கொண்டே வந்தார். குரு, யாரோ எழுதியதைக் கேட்பவர்போல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போனவரை நினைக்கும் துயரம் ஆறுவதில்லை. அது நம்மோடு உட்கார்ந்து சாப்பிடும். அதற்கும் ஓர் இலை போடு.”

இந்த இடத்தில் செண்பகவல்லி நிறுத்தினார்.

“ஐயா மன்னிக்கணும். இது நான் மாத்தினது. புத்தகத்துல ‘துயரம் நாளடைவில் ஆறிவிடும்’னு இருந்துச்சு. எங்க அண்ணன் லாரியில அடிபட்டுப் போனப்புறம் அதைச் சொன்னேன். ‘இந்த ஐயா இன்னும் யாரையும் பறிகொடுக்கல போல’ன்னாங்க அம்மா. மறுநாள்லேருந்து இப்படிச் சொன்னேன். பேசாம கேட்டுக்கிட்டாங்க.”

குருவின் வாக்கிலேயே கை வைப்பதா? பொன்னம்பலத்துக்குப் பகீரென்றது. ஆனால், புத்தகம் வந்த பிறகுதான் குருவின் மனைவி காலமானார் என்பதும் அவருக்குத் தெரியும்.

குருவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எழுந்து நின்று அந்தப் பெண்மணியைக் கைகூப்பி வணங்கினார்.

பொன்னம்பலம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “எதை எழுதட்டும் ஐயா? உங்க வரியையா, இவங்க வரியையா?”

“நான் எழுதி முடிச்சு எப்பவோ எந்திரிச்சுட்டேன், பொன்னம்பலம். புத்தகம் இன்னும் எழுதிக்கிட்டிருக்கு. அம்மா நிறுத்திட்டாங்க பாரு, மேல சொல்லச் சொல்லு.”